இறால், நடுத்தரம், தலையோடு, ஒரு கிலோ

விலை கேட்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று சொன்னபோது என் அம்மா நம்பவில்லை.

"கேட்டுட்டு வாங்கணுமா?"

"வாங்க வேணாம்மா."

"வாங்காம சும்மா கேட்டா எவன் சொல்லுவான்?"

மூன்று நாள் பயிற்சியில் இந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லித்தரவில்லை.

வேலை இதுதான். சென்னையிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் சாமான் விலை மாதாமாதம் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று அரசாங்கம் பார்க்கிறது. அதற்காக ஒப்பந்தத்தில் எடுத்த ஆட்களில் நானும் ஒருத்தி. குறித்த நாளில் குறித்த கடைக்குப் போய், குறித்த பொருளின் விலையைக் கேட்டு, டேப்லெட்டில் பதிய வேண்டும். நானாகக் கடையை மாற்றக் கூடாது, பொருளையும் மாற்றக் கூடாது. மீஞ்சூரில் தொடங்கி திருவொற்றியூர், ராயபுரம் வழியாக அண்ணா நகர் வரை என் கடைகள் சிதறிக் கிடந்தன.

மீஞ்சூரில் ஒரு சலூன் இருந்தது. பட்டியலில் 'ஆண்களுக்கான முடிவெட்டு, சாதாரணம்' என்று இருக்கும். நான் வாசலில் நின்று கேட்பேன். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் தினத்தந்தியைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். முடிவெட்டுபவர் கண்ணாடியைப் பார்த்தபடியே விலையைச் சொல்வார். இரண்டு வருடத்தில் ஒரு முறைகூட என் பக்கம் திரும்பியதில்லை. திருவொற்றியூரில் ஒரு ஓட்டலில் 'இட்லி இரண்டு, சட்னி சாம்பாருடன்'. அங்கே விலை ஏறவே இல்லை, இட்லிதான் சிறுத்துக்கொண்டே போனது. எடையும் போட்டுப் பதிய வேண்டும் என்று மேலதிகாரி சொன்னதால் பையில் சின்னத் தராசு வைத்திருந்தேன். நான் இட்லியை எடை போடுவதைப் பார்த்த முதலாளி, "உணவுப் பாதுகாப்பா?" என்று கேட்டார். விலைக் கணக்கு என்றேன். அவர் முகம் தெளிந்து, "அப்ப எடை போட்டுக்கோங்க" என்றார்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. பஸ்ஸில் பொன்னேரி வந்து ரயில் பிடித்தால் சென்னை. தினமும் போய்வர முடியாததால் வாரநாட்களில் ராயபுரத்தில் ஒரு மகளிர் விடுதியில் தங்கி, சனிக்கிழமை ஊருக்குப் போவேன். என் அப்பா, நைனா, இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மா மட்டும்தான்.

அம்மா ஏரியில் கையால் இறால் பிடிப்பவள். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, சேற்றைத் துழாவி, விரலில் தட்டுப்படுவதைப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் பறி என்ற ஓலைக்கூடைக்குள் போட வேண்டும். வாயில் பறி இருப்பதால் தண்ணீரில் இருக்கும்வரை அம்மா பேசமாட்டாள். கரையேறியதும் சேர்த்துவைத்துப் பேசுவாள். காலையில் ஏஜெண்ட் ஐஸ்பெட்டி வைத்த மினிவேனில் வருவார். ஆரம்பாக்கத்துக்காரர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். அவர் சொல்வதுதான் விலை. அந்த வருடம் நடுத்தர இறாலுக்குக் கிலோ இருநூற்றிருபது கொடுத்துக்கொண்டிருந்தார்.

வடசென்னை மார்க்கெட் ஒன்றில் என் பட்டியலில் ஒரு மீன்கடை இருந்தது. கடை என்றால் ஒரு சிமெண்ட் மேடை, மேலே நீலத் தார்ப்பாய். புடவைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்ட அம்மாள் ஒருவர், கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டி மேல் உட்கார்ந்து விற்பார். முதல் நாள் நான் போய், இறால் நடுத்தரம், தலையோடு, ஒரு கிலோ என்ன விலை என்று கேட்டேன்.

"எந்த வெல வேணும்?" என்றார்.

"எந்த விலைன்னா?"

"நான் சொல்ற வெலயா, அவுங்க கேக்கற வெலயா, குடுத்துட்டுப் போற வெலயா?"

விதிப்படி மூன்றாவதுதான் வேண்டும். வாங்குபவர் உண்மையில் கொடுத்துப்போகும் விலை. அதைச் சொன்னேன்.

"அப்ப வாங்க வரவன் வர்ற வரைக்கும் நில்லு. ஓரமா நில்லு. வெளிச்சத்த மறைக்காத."

அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு நாள் அந்த மேடைக்கு ஓரமாக அரை மணி நேரம் நிற்பது என் வேலையாயிற்று. அவர் ஐநூற்றைம்பது என்பார். வருபவர்கள் நானூறு என்பார்கள். நானூற்றெண்பதில் முடியும். நான் நானூற்றெண்பது என்று பதிவேன். மூன்றாவது மாதம் எனக்கும் ஒரு டீ சொன்னார். நான்காவது மாதம் கூட்டமாக இருந்தபோது, "பழவேற்காட்டு எறா, உசுரோட வந்தது" என்று கூவினார். எந்த ஊர் எறா என்று நான் தனியாகக் கேட்டேன். "நெஜமாவே பழவேற்காடுதான் கண்ணு. உசுரோட வந்ததுன்றதுதான் சும்மா" என்றார்.

அன்றைக்கு எனக்கு இரண்டு விலையும் தெரிந்துவிட்டது. ஏரிக்கரையில் இருநூற்றிருபது, மேடையில் நானூற்றெண்பது. சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டேன். சொல்லவில்லை.

கடைவாரியான விலையை வெளியில் சொல்லமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதுதான் காரணம் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். மார்க்கெட்டில் எல்லார் காதிலும் விழும்படி கூவி விற்கும் விலையில் என்ன ரகசியம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் அம்மா ஏஜெண்டிடம் சண்டைக்குப் போவாள், அவர் எங்கள் வீட்டு இறாலை எடுக்காமல் போய்விடுவார், அப்புறம் என்ன செய்வது என்ற பயம்தான் உண்மை. அப்படியே எட்டு மாதம் போயிற்று.

அப்போது ஒரு நாள் அம்மாவுக்குக் கண் மங்கலாகத் தெரிகிறது என்று சென்னையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தேன். சொட்டு மருந்தும் கண்ணாடிக்குச் சீட்டும் கொடுத்து அனுப்பினார்கள். அன்றைக்குத்தான் அந்த மீன்கடைக்குக் குறித்த நாள். தள்ளிப்போட முடியாது. அம்மாவை மார்க்கெட் வாசலில் டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து, பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தபோது மேடைக்கு முன்னால் அம்மா நின்றாள். ஒரு இறாலை எடுத்து, தலையை அமுக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, திரும்ப வைத்தாள்.

"முந்தாநாள் எறா" என்றாள்.

"நேத்து" என்றார் மீன்கார அம்மாள்.

"எவ்ளோ?"

"ஐநூத்தியம்பது."

அம்மா இன்னொரு இறாலைக் கையில் எடுத்தாள். பிறகு பேரம் பேசத் தொடங்கினாள். வாங்க வந்தவள்போலவே பேசினாள். மீசை ஒடிந்திருக்கிறது என்றாள், ஐஸ் தண்ணீர் ஊறி எடை கூடியிருக்கிறது என்றாள். கால் மணி நேரம் போயிற்று. ஐநூற்றைம்பது நானூற்றுநாற்பதுக்கு வந்தது. அந்த மேடையில் நான் அதுவரை பார்த்திராத விலை. மீன்கார அம்மாள் தராசில் இறாலைக் கொட்டினார்.

"வேணாம்" என்றாள் அம்மா.

மீன்கார அம்மாள் சொன்னதை எழுத முடியாது. அம்மா அதைக் காதில் வாங்காமல் என்னைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ரயிலில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். எண்ணூர் தாண்டியது, அத்திப்பட்டு தாண்டியது. மீஞ்சூரில் கூட்டம் இறங்கிய பிறகு, "எவ்ளோ நாளா?" என்று கேட்டாள். எட்டு மாதமாக என்றேன். பொன்னேரியில் இறங்கும்போது, கண்ணாடிச் சீட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேனா என்று கேட்டாள்.

அடுத்த மாதம் குறித்த நாளில் மார்க்கெட்டுக்குப் போனேன். நீலத் தார்ப்பாயின் கீழே, சிமெண்ட் மேடைக்குப் பக்கத்தில் தரையில், சாக்கு விரித்து, எதிரே ஒரு அலுமினியத் தட்டு நிறைய இறாலோடு என் அம்மா உட்கார்ந்திருந்தாள். பழைய சட்டை ஒன்றைப் புடவைமேல் போட்டிருந்தாள். நைனாவின் சட்டை.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. ஊருக்குத் திரும்பிய மூன்றாம் நாளே தெர்மாகோல் பெட்டியில் இறாலும் ஐசும் போட்டு, முதல் பஸ்ஸில் ஏறி, நேராக இந்த மேடைக்கு வந்திருக்கிறாள். என்னிடம் வாங்கிக்கொள் என்று மீன்கார அம்மாளிடம் கேட்டிருக்கிறாள். ஏலத்தில்தான் எடுப்பேன், உன்னை யார் என்றே தெரியாது என்று அவர் சொல்லியிருக்கிறார். சண்டை நடந்திருக்கிறது. அது முடிந்து இருவரும் டீ குடித்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து விற்றுக்கொள், நான் இறால் போடவில்லை, எனக்கு மற்ற மீன் போதும், மேடைக்குக் கட்டும் வாடகையில் பாதியை நீ கொடு என்று அவர் சொல்லி, பேச்சு முடிந்திருக்கிறது. அதன் பிறகு நான் ஊருக்குப் போன சனிக்கிழமைகளில் அம்மா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் எட்டு மாதம் பேசாமல் இருந்தவள்தானே.

எனக்கு வந்த சிக்கல் வேறு. பட்டியலில் உள்ள கடையில் இறால் இல்லை. குறித்த பொருள் குறித்த கடையில் இல்லாவிட்டால் அடுத்து மிக அருகில் அதை விற்பவரிடம் கேட்க வேண்டும் என்பது விதி. மிக அருகில் விற்பவள் ஒன்றரை அடி தூரத்தில் இருந்தாள். டேப்லெட்டை எடுத்தேன்.

"இறால், நடுத்தரம், தலையோடு, ஒரு கிலோ எவ்ளோ?"

"யாருக்கு?" என்றாள் அம்மா.

"அரசாங்கத்துக்கு."

"எழுநூறு."

"நேத்து எவ்ளோக்குக் குடுத்த?"

"அது மனுஷங்களுக்கு."

மீன்கார அம்மாள் வஞ்சிரத்தைச் சீவிக்கொண்டே, "நீ எழுதிக்கினா வெல ஏறும்னு நெனச்சிக்கினு கீறா" என்று எனக்கு விளக்கினார். அப்படி ஏறாது, நான் நடப்பதைத்தான் பதிகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். எழுதினால் நடக்காது என்றால் பிறகு எதற்கு எழுதுகிறாய் என்று கேட்டாள். நான் ஓரமாக நின்றேன்.

முதலில் ஒருவர் வந்து நானூறு என்றார். அம்மா என்னைப் பார்த்துவிட்டு எழுநூறு என்றாள். அவர் போய்விட்டார். அடுத்து வந்த பெண்மணி நானூற்றைம்பதுவரை ஏறினார். அம்மா அறுநூற்றைம்பதில் நின்றாள். அவரும் போனார். வெயில் ஏறியது. தட்டில் ஐஸ் உருகி ஓரமாக ஓடியது. மூன்றாவது ஆள் வந்தபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை. நானூற்றிருபதுக்கு இரண்டு கிலோ கொடுத்தாள்.

நான் நானூற்றிருபது என்று பதிந்தேன்.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"நல்லா இரு" என்றாள். வாழ்த்து மாதிரி இல்லை.

இரண்டு நாள் கழித்து மேலதிகாரி போனில் கூப்பிட்டார். வருடம் முழுக்க நானூற்றெண்பதை ஒட்டியே இருந்த விலை ஒரே மாதத்தில் ஏன் இறங்கியது என்று கேட்டார். விற்பவர் மாறிவிட்டார் என்றேன்.

"யாரு புது ஆள்?"

"எங்க அம்மா சார்."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. வெகுநேரம் புரட்டினார். சொந்தக்காரர் கடையில் விலை எடுக்கக் கூடாது என்று இருக்கும் என நினைத்தேன். "அம்மாவைப் பத்தி இதுல ஒண்ணும் போடலையே" என்றார் கடைசியில். "சரியான விலைதானா?"

"அரை மணி நேரம் நின்னு பாத்தேன் சார். எழுநூறு சொன்னாங்க. நான் எழுதல."

"சரிம்மா. அந்த விலையே இருக்கட்டும்" என்றார். ஆனாலும் அடுத்த மாதம் அந்த மார்க்கெட்டை வேறொருவருக்குக் கொடுத்து, எனக்கு அம்பத்தூர் பக்கம் டைலர் கடைகளைக் கொடுத்துவிட்டார். 'ஜாக்கெட் தையல், லைனிங் இல்லாமல்'. தப்பு என்று சொல்ல முடியாது. எனக்கும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

அம்மா விடவில்லை. ஆனால் விற்கப் போகும் நாளில் பிடிக்க முடியாது, பிடிக்கும் நாளில் விற்கப் போக முடியாது. பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று ஒரு கண்டக்டர் ஏற்றவில்லை. அதனால் ஊரில் மற்ற பெண்கள் பிடிப்பதை வாங்கிக்கொண்டு போகத் தொடங்கினாள். ஏஜெண்ட் இருநூற்றிருபது கொடுத்தார் இல்லையா, அம்மா இருநூற்றுமுப்பது கொடுத்தாள். எல்லாரும் அம்மாவிடம் வந்தார்கள். ஏஜெண்டின் வேன் எங்கள் தெருவில் நிற்காமல் போகத் தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குழாயடியில் நிற்கும்போது பக்கத்து வீட்டு அக்கா குடத்தோடு வந்தார். அம்மாவோடு இருபது வருடமாக ஏரியில் இறங்குகிறவர்.

"பாப்பா, உனுக்குத்தான் வெலயெல்லாம் தெரியுமே. மெட்ராஸ்ல நம்ம எறா எவ்ளோக்குப் போவுது?"

"நானூத்தியிருபது" என்றேன்.

யோசிக்கவே இல்லை. அம்மாவிடம் எட்டு மாதம் வராத வார்த்தை அக்காவிடம் ஒரு குடம் நிரம்புவதற்குள் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஆறு பெண்கள் எங்கள் வாசலில் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. "நீயும் அந்த ஆள் மாதிரியேவா?" என்று அக்கா மட்டும் கேட்டார். அம்மா விரல்விட்டுச் சொன்னாள். ஐஸ், பஸ், ரயில், மேடை, வழியில் கெட்டுப்போவது, விற்காமல் மிஞ்சுவது, நாள் முழுக்கச் சிமெண்டில் மடங்கிக் கிடக்கும் தன் முழங்கால். ஒவ்வொன்றும் நிஜம். ஏஜெண்டும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது பாதியில் அவளுக்கே தட்டுப்பட்டிருக்க வேண்டும். முழங்காலோடு நிறுத்திக்கொண்டாள். நாளையிலிருந்து முந்நூறு என்றாள்.

அவர்கள் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"ஊருக்கு ஒரே நாள்ல சொல்லிட்ட. எனக்குத்தான் எட்டு மாசம்."

கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதே தாள் அக்காவிடம் பேசும்போதும் இருந்ததுதானே என்று விட்டுவிட்டேன். பயந்துவிட்டேன் என்று சொன்னேன். "எதுக்கு?" என்றாள். நீ சண்டை போடுவாய் என்று பயந்தேன் என்றேன். "போட்டிருப்பேன்" என்று ஒத்துக்கொண்டாள். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் என்னிடம் சாப்பாடு, தண்ணீர் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

முந்நூறு என்ற செய்தி ஏஜெண்டுக்கு எட்டியது. அடுத்த திங்களே வேனை எங்கள் தெருவில் நிறுத்தி, முந்நூற்றுப் பத்து என்றார். காலையில் வாசலுக்கே வந்து எடுத்துக்கொண்டு, அங்கேயே பணம். பெண்கள் அவரிடம் திரும்பிப் போனார்கள். அம்மா தன்னுடைய இறாலை மட்டும் தூக்கிக்கொண்டு இன்னும் பத்து நாள் சென்னைக்குப் போய்வந்தாள். பதினோராம் நாள் போகவில்லை. முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். வேன் வந்தது.

"இன்னாக்கா, மெட்ராசு வியாபாரம் எலா உந்தி, எப்டி இருக்கு?" என்று ஏஜெண்ட் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார்.

"நல்லா கீது. நீ முந்நூத்திப் பத்துக்கு வந்துட்டியே" என்றாள் அம்மா, தட்டை அவர் முன்னால் வைத்து.

அவர் எடைபோட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போதும் அம்மா அவரிடம்தான் போடுகிறாள். மழை பெய்து முகத்துவாரம் திறந்து இறால் குவிந்த வருடம் விலை இருநூற்றறுபதுக்கு இறங்கியது. அதற்கு அவரிடம் சண்டை போட யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. மீன்கார அம்மாளுக்கும் அம்மாவுக்கும் போன் பேச்சு விடவில்லை. காலையில் ஏலம் எப்படி என்று அவர் சொல்வார், தண்ணீர் எப்படி என்று அம்மா சொல்வாள். மாதக் கடைசியில் எங்கள் ஆபீசுக்கு இறால் விலை போவதற்குள் இவர்கள் இருவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும்.

போன பொங்கலுக்கு மறுநாள் மீன்கார அம்மாள் எங்கள் ஊருக்கு வந்தார். முப்பது வருடமாக இந்த ஏரி இறாலை விற்கிறவர், ஏரியை அன்றுதான் பார்த்தார். நானும் இறங்குகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். அம்மா ஒரு பறியைக் கொடுத்தாள். அவர் அதைப் பல்லில் கடிக்க மறுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அது மிதந்து மிதந்து பின்னால் போனது. ஒரு மணி நேரத்தில் இரண்டு இறால் பிடித்தார். மூன்றாவதாகக் கையில் கெளுத்தி முள் குத்தியது. கரையில் உட்காரவைத்து அம்மா கையை வெந்நீரில் முக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தெனம் இப்டித்தானாக்கா?" என்று கேட்டார்.

"தெனம் குத்தாது" என்றாள் அம்மா.

மத்தியானம் குழம்பில் புளி அதிகம் என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. சாப்பிட்டுவிட்டு, கையில் மஞ்சள் கட்டோடு ஒரு மணி நேரம் தூங்கினார். நான்கு மணி பஸ்ஸுக்கு நாங்கள் இருவரும் போய் ஏற்றிவிட்டு வந்தோம்.